கன்னத்தில் இருந்த நீலம்

எங்கள் தெருவில் எலுமிச்சம்பழம் வெளுத்தது ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் வண்டி வரும் நாள், அதனால் தங்கபுஷ்பம் டீச்சர் வீட்டு ஜன்னலில் நடந்ததை முதலில் பார்த்தவர்கள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுச் சும்மா நின்றவர்கள்தான். ஜன்னல் கட்டையில் வைத்த பழத்தை அவள் பார்த்துப் பார்த்து வரைந்தாள், அட்டையில் மஞ்சள் ஏற ஏறப் பழத்தில் மஞ்சள் இறங்கியது, அவள் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசி முடித்தபோது கட்டையில் உட்கார்ந்திருந்தது உப்புக்கல் நிறத்தில் ஓர் உருண்டை. யாரும் அலறவில்லை. டீச்சர், பழம் வெளுத்திருச்சு என்று ஒருத்தி சொன்னாள், ஆமாம் என்று டீச்சர் சொன்னாள், அதற்குள் வண்டி வந்துவிட்டது, எல்லோரும் குடத்தைப் பார்க்கப் போய்விட்டோம்.

நான் எதிர்வீட்டுக்காரி, கிட்ணம்மாள். வீட்டிலிருந்தே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். டீச்சர் என்னைவிட மூன்று வயது இளையவள், ஆகவே வாயில்தான் 'வாங்க டீச்சர்', மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான். பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர், நாற்பத்தொரு வயது, தனி ஆள். சென்னையில் நடக்கும் ஒரு கண்காட்சிக்குப் பதினோரு வருடம் படம் அனுப்பினாள், பதினோரு வருடமும் படம் பத்திரமாகத் திரும்பி வந்தது, பதினோராவது முறை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் படத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தான்: 'கை பழகியிருக்கிறது. கண் பழகவில்லை.' மூன்று நாள் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான்காம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, லேபிள் ஒட்டாத தீப்பெட்டி அட்டை கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு போடப்போறேன்க்கா, இத்தனூண்டு. கண்ணு பழகுற வரைக்கும்."

அன்றிலிருந்து தினம் ஒன்று. காலையில் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு உட்காருவாள், மூன்றாவது விசில் அடிப்பதற்குள் படத்தை முடித்தாக வேண்டும், தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். ஒரு நாள் மிளகாய் வற்றல், ஒரு நாள் எவர்சில்வர் டம்ளர், ஒரு நாள் அறுந்த செருப்பு, ஒரு நாள் முடி ஒட்டிய சோப்பு. வாரக் கடைசியில் ஏழு படத்தையும் வாளித் தண்ணீரில் போட்டுக் கழுவி, அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுப்பாள்; பழகப் போட்டதை வைத்துக்கொள்வார்களா என்பாள். இருநூற்றுப் பதினோரு நாள் இப்படியே போனது. இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள்தான் அந்த எலுமிச்சை, அன்றைக்குத்தான் மஞ்சளுக்குள்ளே கிடந்த பச்சை தன் கண்ணுக்குத் தெரிந்ததாம். ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவுடன் பார்க்கப்பட்ட பொருள் காலியாகிறது என்பதை அவளும் நாங்களும் அப்படித்தான் அறிந்தோம், கரண்ட் பில் கட்டும் தேதியை அறிந்துகொள்வதைப் போல.

முதலில் ஒரு சண்டை வந்தது. காய்கறிக்காரியின் தக்காளிக் கூடையை டீச்சர் ஜன்னல் வழியாகவே வரைந்துவிட, தக்காளி முழுவதும் வெளுத்து முட்டை மாதிரி ஆகிவிட்டது, அவள் தெருவே நாறும்படி ஏசினாள். டீச்சர் அந்த அட்டையை வாளியில் முக்கினாள், தண்ணீர் சிவந்தது, கூடையில் தக்காளியும் சிவந்தது. கழுவினால் திரும்பிவிடும் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது, பயம் போனதும் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. வாழைக்கறை பட்ட வேட்டிகள் வந்தன, துருவேறிய ஜன்னல் கம்பிகள் வந்தன, மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் பாசி பிடித்த சுவர்கள் வந்தன. சலவைக்கடைக்காரர் ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்து, பிறகு அவரே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கட்சிக்காரர்கள் இன்னொரு கட்சியின் கொடிக்கம்பத்தை வரையச் சொல்லிக் கேட்டு, வரைந்தபின் வெள்ளைக்கொடி பறக்கிறது, சரணடைந்துவிட்டார்கள் என்று வெடி போட்டார்கள். நரைமுடியைக் கொண்டுவந்த பெரியவரிடம் மட்டும், ஏற்கெனவே ஒன்றும் இல்லாததில் எதை எடுக்க என்று டீச்சர் கையை விரித்துவிட்டாள். என் முழங்கையில் சூட்டுத் தழும்பு ஒன்று கன்றிப்போய்க் கிடந்தது, அதையும் அவள்தான் எடுத்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஆனால் டீச்சருக்குச் சலித்துவிட்டது. கறைக்கு ஒரே நிறம்தான் அக்கா, துருவுக்கு இரண்டு நிறம், இதில் கண் எங்கே பழகும் என்று சொல்லி மூட்டைகளைத் திருப்பி அனுப்பினாள். அந்த ஆனி மாதத்தில்தான் கோமதி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மகள் மாரிச்செல்வி, இருபத்து மூன்று வயது, பி.காம்., காலண்டர் அச்சாபீஸில் தாள் எண்ணுகிற வேலை. விருதுநகரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, பொண்ணு இன்னும் கொஞ்சம் கலரா இருந்தா நல்லாருக்கும் என்று சொல்லிவிட்டு, ஆடிப்பெருக்கன்று வந்து முடிவு சொல்வதாகப் போயிருந்தார்கள். எங்கள் ஊரில் கலர் என்றால் மூன்று. விருந்தாளிக்குச் சோடாக்கடையில் வாங்கி மூடியை உடைத்துக் கொடுப்பது ஒரு கலர், டீச்சரின் பெட்டியில் இருப்பது ஒரு கலர், மூன்றாவது, கறுப்பாக இல்லை என்பதற்குப் பெயர் கலர். பெண் கலரா என்று கேட்கிறவர்கள் அவளிடம் என்னென்ன நிறம் இருக்கிறது என்று கேட்கவில்லை, ஒன்றும் இல்லைதானே என்றுதான் கேட்கிறார்கள்.

"எம்பிள்ளைய கொஞ்சம் கலராக்கிக் குடுங்க டீச்சர்" என்றாள் கோமதி.

அவளிடம் இருக்கிற கலருக்கு என்ன குறை என்று டீச்சர் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துக் கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை, செல்வியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவன் இலையைப் பார்ப்பது போல. சரி, ஆடி முழுக்கத் தினம் காலையில் அனுப்பு என்றாள். ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் காட்சி கிடையாது, ஆகவே எல்லோருக்கும் நேரம் இருந்தது. கண்ணை மட்டும் தொட்டுவிடாதீர்கள் என்று கோமதி நிபந்தனை போட்டாள், படங்களைக் கழுவவும் கூடாது என்றாள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்று என்னைத் துணைக்கு உட்காரச் சொன்னாள். நான் பசைக் கிண்ணத்தோடும் லேபிள் கட்டோடும் போய் மூலையில் உட்கார்ந்தேன்.

ஆடி முதல் தேதி, முதல் விசில் அடித்தபோது டீச்சர் பேசினாள்.

"உன் கன்னத்துல நீலம் இருக்கு செல்வி, தெரியுமா?"

"நீலமா டீச்சர்?"

"கன்ன எலும்புக்குக் கீழ. கத்தரிக்காத் தோல்ல வெயில் பட்டா வருமே, அந்த நீலம்."

செல்வி சிரித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் முகத்தைப் பற்றி எங்கள் தெரு சொல்லியிருந்ததெல்லாம் ஒரே வார்த்தை, அதையும் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பவுடர் பூசினால் அடுப்பில் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது ஒருத்தி நீலம் என்கிறாள். மூன்றாவது விசில் அடித்தது, செல்வி எழுந்து ஓடி டீச்சர் வீட்டுக் கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அங்கே இல்லை. அட்டையில் இருந்தது.

மறுநாள் நெற்றிப்பொட்டில் செம்பு. அதற்கு மறுநாள் காதுக்குப் பின்னால் நாவற்பழ ஊதா, கழுத்து மடிப்பில் இலைப்பச்சை, உதட்டு ஓரத்தில் பழைய ரத்தினக்கல் சிவப்பு. ஒவ்வொரு நிறத்தையும் டீச்சர் பெயர் சொல்லி எடுத்தாள், ஒவ்வொரு நாளும் செல்வி கண்ணாடியிடம் ஓடினாள், தன்னிடம் என்ன இருந்தது என்பது அது போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆசையாகத்தான் வந்தாள், அச்சாபீஸில் சொல்லிவிட்டு அரை மணி முந்தியே வந்து உட்கார்ந்தாள், அவளை யாரும் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. ஒன்பதாம் நாள் ஒன்று கேட்டாள்.

"டீச்சர், நாளைக்கு எதை எடுக்கப் போறீங்களோ அத இன்னைக்கே சொல்லிருங்க. ஒரு நாளாவது பாத்துக்கிடுதேன்."

"வரையும்போதுதான் செல்வி எனக்கே தெரியும்" என்றாள் டீச்சர்.

தெருவுக்கு ஒரே சந்தோஷம். கறுப்பு மாநிறமாகி, மாநிறம் கோதுமையாகி, நாளுக்கு நாள் முன்னேற்றத்தை நாங்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரித்தோம். ஆடிப்பெருக்கன்று விருதுநகர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, செல்வியின் மணிக்கட்டைத் தேய்த்துப் பார்த்து, கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை என்றதும் வெற்றிலைத் தட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஆவணி பன்னிரண்டு என்று தேதி குறித்தாயிற்று. கோமதி டீச்சர் காலில் விழாத குறை. போதும் டீச்சர், இதுக்கு மேல வேண்டாம் என்று கும்பிட்டாள்.

டீச்சருக்குப் போதவில்லை. அன்று மதியம் என் வீட்டுக்கு வந்தாள், பதினெட்டு அட்டைகளையும் வரிசையாகத் தரையில் பரப்பினாள். முதல் அட்டை கன்னம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பதினெட்டாவது அட்டையில் இருந்த தோள் மூச்சுவிட்டால் ஏறி இறங்கும் போல இருந்தது. "நான் இப்பத்தான்க்கா பாக்கவே ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள். பாவமாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்லி அவளை அனுப்ப வேண்டும் என்று, கோமதியிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவைத்தேன்.

அவள் கேட்கவில்லை, பயமுறுத்தினாள். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறமாக நிற்கிறது, மணமேடையில் லைட் போட்டால் வீடியோவில் திட்டுத்திட்டாகத் தெரியும், எதற்கும் ஆடி முடிகிறவரை அனுப்பு என்று கோமதியிடம் சொன்னாள். அது பொய் என்று எனக்குத் தெரியும், என் மூலையிலிருந்து பார்த்தாலே தெரியும், திட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கோமதி மறுநாள் காலையிலேயே மகளை அனுப்பிவிட்டாள். இந்த முறை செல்வி முந்தி வரவில்லை. வந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தாள், விசில்களை எண்ணினாள், கண்ணாடிப் பக்கம் போகாமல் வீட்டுக்குப் போனாள்.

ஆடி கடைசி நாளன்று கழுத்துதான் பாக்கி என்றாள் டீச்சர். கழுத்தை வரைய எதற்கு 'என்னையே பார்' என்று செல்வியிடம் சொல்ல வேண்டும்? செல்வி நிமிர்ந்து பார்த்தாள், அவளுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அட்டை நன்றாகத் தெரிந்தது, முதல் விசிலிலேயே தெரிந்தது, அது கழுத்து இல்லை. கிண்ணத்தில் பசை புதிதாகக் காய்ச்சியது, விட்டால் இறுகிவிடும். நான் லேபிளை எடுத்தேன், ஒட்டினேன், அடுத்த லேபிளை எடுத்தேன். மூன்றாவது விசில் அடித்தது, டீச்சர் நிறுத்தவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை.

"சித்தி, வெளிய மேகம் போட்டிருக்கா?" என்று செல்வி என்னிடம் கேட்டாள்.

எழுந்து எட்டிப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்தேன், இமைக்குள் இரண்டு கண்ணும் உரித்த பனங்காய் நுங்காக இருந்தது. உருவம் தெரிகிறதாம், ஆனால் எல்லாவற்றின் மேலும் கோலமாவைக் கொட்டினது போல வெள்ளையாகத் தெரிகிறதாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

டீச்சர்தான் அழுதாள். அட்டையைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். இங்கே பாருங்கள் அக்கா என்றாள். பார்த்தேன். தீப்பெட்டி அளவில் இரண்டு கண். கறுப்பு என்று நாங்கள் சொல்லிவந்ததற்குள் புளியங்கொட்டையின் பழுப்பு இருந்தது, அதற்கு அடியில் கருநீலம் இருந்தது, ஜன்னல் வெளிச்சம் ஒரு பொட்டாக இருந்தது, அந்தப் பொட்டுக்குள் டீச்சர் உட்கார்ந்திருந்தாள், அவளை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பார்வை அப்படியே இருந்தது. நன்றாக இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல முடியவில்லை.

கோமதி ஓடிவந்து, மகளைப் பார்த்து, மார்பில் அடித்துக்கொண்டு, அந்த அட்டையை இப்போதே கழுவு என்று கத்தினாள். டீச்சர் அட்டையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"மத்த எல்லாத்தையும் கழுவித் தாரேன் கோமதி, நீலம், செம்பு, ஊதா எல்லாம் ஒண்ணு விடாம. இது ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்."

கோமதி கத்துவதை நிறுத்தினாள். நிறுத்தி யோசித்ததை நான் பார்த்தேன். மற்றதைக் கழுவினால் பெண் பழையபடி கறுப்பு. பத்திரிகை அச்சடித்துப் பாதி ஊருக்குக் கொடுத்தாயிற்று. நனைந்த கைக்குட்டையோடு இன்னொரு தடவை ஒருத்தி வந்து மணிக்கட்டைத் தேய்ப்பாள். கழுத்தில் கிடந்த கயிற்றைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, எதையுமே கழுவ வேண்டாம் டீச்சர் என்றாள். செல்வி நடுவில் நின்றாள். அவளிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"எனக்குக் கண்ண மட்டும் குடுத்திருங்க டீச்சர். மத்ததெல்லாம் நீங்களே வச்சிக்கிடுங்க."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரஷ்ஷைக் கழுவினாள், சுத்தமாகிப்போன பிரஷ்ஷைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. செல்விக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டார்கள், மெட்ராஸ் ஐ என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மாப்பிள்ளை வீட்டுக்கு உண்மை தெரிந்த அன்று, கண் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கிறது, ஆனால் பெண் நல்ல கலர் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்துவிட்டாளாம். புடவை எடுக்கப் போனால் செல்வியிடம் நிறம் கேட்கிற வேலை இல்லை என்று மாப்பிள்ளைக்கும் ஒரு வசதி. எங்கள் தெருவில் அந்த மாதமே நான்கு தாய்மார்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்கள், கண்ணைத் தொடாமல் எடுப்பீர்களா என்று மட்டும் கேட்டார்கள். டீச்சர் முடியாது என்றாள். இரக்கப்பட்டு இல்லை, ஒரே மாதிரி முகங்களில் அவளுக்குப் பழக ஒன்றும் இல்லையாம்.

பன்னிரண்டாவது வருடம் சென்னைக்குப் போன படம் திரும்பி வரவில்லை, பரிசு வந்தது, பேப்பரில் பெயர் வந்தது. தை மாதம் நூலகத்து ஹாலில் ஊர்க்காரர்கள் பாராட்டு விழா வைத்தார்கள், படத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்து, தேக்குச் சட்டத்துக்குள் வைத்து மேடையோரம் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு பெரிய சட்டத்தின் நடுவில் அது இத்தனூண்டு. பார்க்க வரிசை நின்றது, நானும் நின்றேன். எனக்கு முன்னால் தலைப்பொங்கலுக்கு வந்திருந்த செல்வி, அவளுக்கு முன்னால் அவள் புருஷன். நம்ம செல்வி கண்ணுதான் என்று வரிசையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள், ஒதுங்கி அவளை முன்னால் போகச் சொல்லி வழிவிட்டார்கள்.

செல்வி கூலிங் கிளாஸைக் கழற்றினாள். முகத்தைச் சட்டத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் கொண்டுபோனாள். வெள்ளைக் கண் இரண்டும் அந்தக் கறுப்புக் கண் இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்த்தன, அவளுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் வலது கைக் கட்டைவிரலை வாயில் வைத்து நன்றாக எச்சிலாக்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலேட்டை அழிப்பார்களே, அந்த மாதிரி, படத்தின் மேல் வைத்து அழுத்தித் துடைத்தாள். மறுபடி எச்சில் தொட்டாள், மறுபடி துடைத்தாள். நான்கு தடவை துடைத்தபிறகுதான் விரலுக்கு வழுக்கியது சட்டத்தின் கண்ணாடி என்று அவளுக்குப் புரிந்தது. எச்சில் ஒரு கோடாகக் கீழே இறங்கியது.

டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்தாள், கழுத்தில் மாலையோடு. யாரையும் கோபிக்கவில்லை. முந்தானையை எடுத்து, கண்ணாடியில் ஊதி, எச்சில் தடம் போகிறவரை பொறுமையாகத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கொஞ்சம் சாய்ந்து, வெளிச்சத்தில் சுத்தமாகிவிட்டதா என்று பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றாள் எங்களிடம்.

எல்லோரும் ஓரடி தள்ளி நின்றோம். செல்வி நகரவில்லை, விரலை நீட்டியபடியே நின்றாள், பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது. அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தது நான்தான்.